உங்க முறை, சார்

“கை வைக்காதீங்க!”

அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் அப்படியே நின்றுவிட்டார். செஸ் பலகையின் ஒரு பக்கம் அவர் கையில் இருந்தது, மறுபக்கம் மேஜை மேல். காய்கள் மெல்லச் சரிந்தன. ஓரத்தில் நின்ற சிப்பாய் ஒன்று உருண்டு தரையில் விழுந்து, அண்ணனைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

“நாற்காலி போட இடம் வேணும்னுதாம்மா எடுத்தேன்.”

“நாற்காலிய வராந்தாவுல போடுங்க. பலகைய அப்படியே வைங்க. மெதுவா.”

அவர் வைத்தார். அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தரையில் முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக் கையை நீட்டினாள். கட்டிலின் நைலான் நாடா அண்ணனின் பாரத்தில் தொங்கிக் கன்னத்தில் உரசியது. அவ்வளவு இளைத்துப் போனவனுக்கு இன்னும் இவ்வளவு கனமா என்று நினைத்தாள். சிப்பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சரிந்த காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் நிறுத்தினாள். எது எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று ராத்திரி முழுக்கக் கண்ணை மூடினால் இந்தப் பலகைதான் வந்தது.

“இன்னைக்குமா?” என்றாள் அண்ணி. கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு முந்தைய இடத்தில் இருந்தாள். “இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருக்கக் கூடாதா நீங்க?”

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருஷம் ஒரே கம்பெனி. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் குலுங்கும் என்பது அவனுக்குக் காதிலேயே தெரியும். சூப்பர்வைசர் பதவிக்கு மூன்று தடவை அவன் பெயர் போனது. மூன்று தடவையும் அவனிடம் வேலை பழகியவர்களுக்கே அது கிடைத்தது. அவன் போய் அவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தான். வேலை இடத்தில் அவனுக்குக் ‘கைகுலுக்கி’ என்று பெயர். அது அதனால் வந்த பெயர் இல்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய இன்ஜினியரோடு செஸ் ஆடுவான். ஆட்டம் அவன் பக்கம் சாய்ந்து, இன்னும் பத்து நகர்வில் ஜெயித்துவிடலாம் என்கிற இடம் வந்ததும் கையை நீட்டி, “டிரா வெச்சுக்கலாமா சார்?” என்பான். அதனால் வந்த பெயர்.

அவளுக்கும் செஸ் தெரியும். சின்ன வயதில் இருவரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்கள், லைப்ரரியில் எடுத்த கிழிந்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு. அவள் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவின் ஓய்வறையில் அவளோடு ஆட இப்போது யாரும் வருவதில்லை. காயெல்லாம் வெட்டுப்பட்டு, பலகை காலியாகி, எதிராளி ‘இனி ஒன்றுமில்லை’ என்று சோம்பல் முறிக்கும்போதுதான் அவள் நிமிர்ந்து உட்காருவாள். இம்மி இம்மியாக நெருக்கி, கடைசியில் ஜெயித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

முந்தாநாள் பெரிய இன்ஜினியர் அண்ணனைப் பார்க்க வந்திருந்தார். ஒரு ஆட்டம் ஆடினார்கள். காயைத் தூக்க அண்ணன் கையில் பலம் இல்லை. விரலால் காட்டினான், அவர் நகர்த்தினார். நடுவில் அவன் தூங்கிப்போனதும் அவர் கிளம்பிவிட்டார். நேற்று சாயங்காலம் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தவள், பலகையைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

“அண்ணே, இது ஜெயிக்கிற ஆட்டம்.”

“ம்.”

“உன் முறைதானே?”

“ம். அடுத்த தடவ வரும்போது டிரா சொல்லிடலாம்னு இருக்கேன். பாவம், வயசான மனுஷன், அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாரு.”

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் சேர்ந்து பொங்கியது. மூன்று சூப்பர்வைசர்கள், தேய்ந்துபோன அவன் முட்டி, ஆஸ்பத்திரி வரிசையில்கூட முன்னால் இருப்பவருக்கு வழிவிட்டு நிற்கும் அவன் சுபாவம், எல்லாம்.

“நீ சாகும்போதுகூட எமனுக்குக் கை கொடுத்துட்டுத்தான் சாவே!” என்று கத்தினாள்.

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அண்ணி ஓடிவந்து முதுகைத் தடவினாள். இவள் கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கிப் போனாள். காலை ஆறு மணிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது.

வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “தங்கமான மனுஷன்.” “யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்த சொன்னதில்ல.” “எனக்குன்னு ஒண்ணு வேணும்னு கேட்டதே இல்ல.” ஒவ்வொரு வார்த்தையும் அவள் மேல் தீக்குச்சி உரசுவதுபோல் இருந்தது. கேட்டிருக்கணும், கேட்காமல் என்ன கிழித்தான் என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனின் கால்மாட்டில் நின்றாள். அண்ணன் முகத்தில் சண்டை போட்ட அடையாளம் ஒன்றும் இல்லை. வழக்கம்போல் ஒத்துக்கொண்ட முகம்.

பதினோரு மணிக்குப் பெரிய இன்ஜினியர் வந்தார். டிரைவர் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அறையில் இருந்த எல்லோரும் தன்னாலே எழுந்தார்கள். தையல்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரிய இன்ஜினியர் ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. இருந்தும் அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகத்தான் கலங்கியது. அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இருபத்திரண்டு வருஷம்மா,” என்றார் அண்ணியிடம். “சனிக்கிழமைன்னா அவனுக்கும் எனக்கும் ஆட்டம். லிஃப்ட் மெஷின் ரூம்ல, மோட்டார் சத்தத்துக்கு நடுவுல. நான் ரிட்டயர் ஆனப்புறமும் விடல. எங்களுக்குள்ள ஜெயிச்சவன் தோத்தவன்னு பேச்சே கிடையாது. எல்லாம் சமம். நான் யாரு, அவன் யாரு, ஆனா அந்தப் பலகையில சமம். அதுதாம்மா சிநேகிதம்.”

அண்ணி தலையாட்டினாள். சுற்றியிருந்தவர்கள் ‘ச்சு’ கொட்டினார்கள்.

அவர் பார்வை மேஜைக்குப் போனது. “அடடா, இது அன்னைக்கு ஆடினது. எடுத்து வைக்கலியா?” எழுந்து பலகைக்கு அருகே வந்தார். “காய் எண்ணிப் பாரு, அவனுக்கு ஒரு குதிரை, எனக்கு ஒரு பிஷப். ஆளுக்கு ஆறு சிப்பாய். இதுவும் டிராதான்.” இரண்டு ராஜாக்களையும் பலகை நடுவில் சேர்த்து நிறுத்தி ஆட்டத்தை முடிக்கக் கையை நீட்டினார்.

“இது டிரா இல்ல, சார்.”

கை பாதியில் நின்றது. “என்னம்மா?”

“காய் சமம்தான். இடம் சமமில்ல. இது எங்க அண்ணன் ஜெயிக்கிற ஆட்டம்.”

அவர் சோகமாகப் புன்னகைத்தார். “இருக்கட்டுமே. இப்ப அதனால என்ன?”

“வண்டி வர ரெண்டு மணி ஆகும். அண்ணன் பொண்ணு ரயில்ல வந்துக்கிட்டிருக்கா. உட்காருங்க. அண்ணனுக்குப் பதிலா நான் ஆடறேன்.”

தையல்காரர், “எம்மா, சாவு வீட்டுல...” என்று ஆரம்பித்தவர், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார். அண்ணி எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். “வேணாம். அவருக்கே பிடிக்காது. பெரியவரை அவமானப்படுத்தாதீங்க.”

“அவமானம் எங்க வருது அண்ணி? ஆட்டம் பாதியில நிக்குது. முடிக்கலாம்னு சொல்றேன்.”

பெரிய இன்ஜினியர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கறுப்புப் பக்கம் உட்கார்ந்தார்.

“சரி. உன் முறை.”

அலமாரியிலிருந்து அண்ணனின் தடித்த நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் அண்ணன் அதில் எழுதி வைப்பான். முந்தாநாள் ஆட்டத்தை மட்டும் அவன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதியிருந்தாள்; அது பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதத் தொடங்கினாள்.

முதலில் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தாள். இப்போது நடுவில் அவருடைய ராஜாவும் அண்ணனுடைய ராஜாவும் ஒரு கறுப்புச் சிப்பாயை இடையில் வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். அவருடைய ராஜா அந்த இடத்தைவிட்டு அசைந்தால் இவள் ராஜா உள்ளே புகுந்துவிடும். அவருடைய பிஷப் வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடும். அவருடைய ஆறு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டங்களிலேயே சிக்கி நின்றன. சாமான் அடைத்த அறைக்குள் மாட்டிக்கொண்ட ஆள்போல், தன் ஆட்களுக்கு நடுவிலேயே அந்த பிஷப் முட்டிக்கொண்டிருந்தது. வெளியே வர ஒரு வழி கிடையாது. உள்ளேயே அலைந்து காவல் காக்கலாம், அவ்வளவுதான்.

அவர் பிஷப்பை ஒரு கட்டம் நகர்த்தினார். அவள் குதிரையைப் பின்னால் இழுத்தாள்.

“பின்னாலயா?” என்றார் அவர்.

“சுத்திப் போகணும், சார்.”

குதிரை பின்வாங்கி, வளைந்து, இடது பக்கம் ஏறியது. அங்கே ஓரத்தில் நின்ற அவருடைய சிப்பாயைக் குறிவைத்தது. அவர் நிதானமாக பிஷப்பைக் கொண்டுபோய் அதற்குக் காவல் வைத்தார். அவள் குதிரையைத் திருப்பி வலது பக்கம் கொண்டுபோய் அங்கிருந்த இன்னொரு சிப்பாயைக் குறிவைத்தாள். பிஷப் அந்தப் பக்கம் ஓடியது. சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் நன்றாக ஆடினார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பிஷப் ஒரே ஒரு நகர்வு மிச்சம் வைத்து வந்து சேர்ந்தது. இவ்வளவு பேர் முன்னால் வாய் விட்டாயிற்று. ஜெயிக்கிற ஆட்டம் என்று சொல்லிவிட்டாள். அதை ஜெயித்துக் காட்டுவது வேறு வேலை. மறுபடி குதிரையை இடது பக்கம் கொண்டுபோக வேண்டியதுதானா? இப்படியே அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருந்தால் எங்கே முடியும்?

“பாத்தியா?” என்றார் அவர், மெதுவாக. குரலில் இளக்காரம் இல்லை. ஆறுதல் சொல்வதுபோல் இருந்தது. “எங்க தட்டினாலும் காவல் இருக்கு. அவனுக்கு இது தெரியும். அதனாலதான் இந்த மாதிரி இடத்துல கை நீட்டிருவான்.”

யோசிக்க நேரம் வேண்டும் என்று அவள் நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக அண்ணனின் சின்னச் சின்ன எழுத்து. ஒவ்வொரு ஆட்டத்தின் கீழும் ‘டிரா’. டிரா. டிரா. டிரா. புரட்டப் புரட்ட அவளுக்குக் கண் எரிந்தது. முதல் பக்கத்துக்கு வந்தபோது அங்கே வேறொன்று இருந்தது. ‘ஜெயிச்சேன்!’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். அடுத்த ஆட்டத்தின் தேதி மூன்று மாதம் கழித்து.

“சார், எல்லாம் சமம்னு சொன்னீங்க. இங்க ஒண்ணு இருக்கு.”

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுக்கப்புறம் மூணு மாசம் ஆட்டமே இல்ல. ஏன் சார்?”

“அவன் ஊர்ல இல்ல.”

“எங்க போயிருந்தார்?”

பதில் அவளுக்கே தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வருஷம் அண்ணனை எங்கேயோ கண்காணாத இடத்தில் கட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்ட அனுப்பினார்கள். பத்து மணி நேரப் பயணம். அண்ணன் பெண் பிறந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அண்ணி தனியாக இருந்தாள். பகலில் பஸ் ஓட்டிவிட்டு ராத்திரி அண்ணிக்குத் துணையாக வந்து படுத்தவள் இவள்தான். ‘அவசர வேலை, என்னை விட்டா ஆளில்லைன்னாங்க’ என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

“நீங்கதானே அனுப்பினீங்க?”

பெரிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். அறையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

“அன்னைக்கு அஞ்சாறு பேரு சுத்தி நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. மெக்கானிக் பய என்னை ஜெயிச்சிட்டான்னு ஆபீஸ் முழுக்கப் பேச்சு. திங்கக்கிழமை ஆர்டர்ல கையெழுத்துப் போட்டேன். வேற ஆளும் இருந்தாங்க. அவனைத்தான் போட்டேன்.”

“அதுக்கப்புறம்?”

“வந்தான். சனிக்கிழமை பலகையோட வந்து நின்னான். எதுவும் நடக்காத மாதிரி. அன்னைக்குத்தான் முதல் தடவையா கைய நீட்டி டிராவான்னு கேட்டான்.” நிறுத்தினார். “எனக்குத் தெரியும்மா. ஒவ்வொரு தடவையும் தெரியும். ஜெயிக்கிற இடத்துலதான் நீட்டறான்னு தெரியும்.”

“தெரிஞ்சும் குலுக்கினீங்க.”

“குலுக்கினேன்.”

“இருபத்திரண்டு வருஷம்.”



அவளுக்குப் பலகையைத் தூக்கி அவர் மேல் வீச வேண்டும்போல் இருந்தது. கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்போது பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

“குழந்தைக்கு மஞ்சக்காமால வந்து நீல விளக்குல வெச்சிருந்தாங்க. நான் தினமும் போன் பண்ணி அழுவேன். ‘பெரிய சார்கிட்டக் கேட்டிருக்கேன், விட்டுருவாரு’ன்னு சொல்லுவாரு. தினமும் அதையேதான் சொல்லுவாரு.” அண்ணி தலைமாட்டிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் இப்போது அழுகை இல்லை. பெரிய இன்ஜினியரைப் பார்க்காமல் இவளைப் பார்த்துச் சொன்னாள். “ஆடி முடிங்க.”

அவள் பலகைக்குத் திரும்பினாள்.

ஆத்திரத்தோடு ஆடினால் தோற்றுப்போவோம் என்று அவளுக்குத் தெரியும். நெரிசலில் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறான் என்பதற்காக வண்டியை முன்னால் முட்ட முடியாது. மூச்சை இழுத்துவிட்டாள். குதிரையை மறுபடி இடது பக்கம் கொண்டுபோனாள். பிஷப் வந்தது. மறுபடி வலது பக்கம். பிஷப் வந்தது. காய்கள் முன்பு நின்ற அதே இடத்தில் வந்து நின்றன.

“இதே நிலை ரெண்டாவது தடவை,” என்றார் அவர். “இன்னொரு தடவை வந்தா சட்டப்படி டிரா.”

“தெரியும் சார்.”

இந்த நிலையில் நகர வேண்டியது அவள் இல்லாமல் அவராக இருந்தால்? அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பிஷப் அசைந்தால் வலது பக்கச் சிப்பாய் போகும். ராஜா அசைந்தால் வாசல் திறக்கும். மற்ற சிப்பாய்கள் அடைபட்டோ, அசைந்தால் வெட்டுப்படும் நிலையிலோ நின்றன. அவருக்கு ஒரு நல்ல நகர்வுகூடக் கிடையாது. ஆனால் நகர வேண்டியது அவள். அவளிடம் ஒரே ஒரு வெட்டி நகர்வு இருந்தால் போதும். எதையும் கெடுக்காத, ஒன்றுக்கும் உதவாத ஒரு நகர்வு.

பலகையின் வலது பக்கக் கீழ் வரிசையில், அண்ணனின் சிப்பாய் ஒன்று ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே நின்றது. முந்தாநாள் முழுக்க அண்ணன் அதைத் தொடவே இல்லை. மற்ற ஐந்து சிப்பாய்களையும் முன்னால் தள்ளியிருந்தான். நோட்டைப் பார்த்தாள். பத்து நகர்வுக்கு முன்னால் அதைத் தள்ளுவதுதான் இயல்பு. யாராக இருந்தாலும் தள்ளியிருப்பார்கள். அண்ணன் அங்கே வேறு எதையோ ஆடி, அதை அப்படியே விட்டு வைத்திருந்தான்.

ஒரே ஒரு வெட்டி நகர்வு. அதற்காக.

அப்படியானால் அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். காயைத் தூக்கக்கூடப் பலமில்லாமல் படுத்துக்கொண்டு, இந்த ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் பார்த்து, ஜெயிப்பதற்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த தடவை டிரா சொல்லிவிடலாம் என்று சொல்லியிருக்கிறான்.

பாவி, என்று நினைத்தாள். படுபாவி. பார்த்திருக்கியே. எல்லாத்தையும் பார்த்திருக்கியே அண்ணே. கட்டிலின் பக்கம் திரும்பினால் அவனைப் பிடித்து உலுக்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. திரும்பவில்லை.

அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“உங்க முறை, சார்.”

அவர் உடனே பிஷப்பைத் தொடப் போனார். விரல் காய்க்கு மேல் நின்றுவிட்டது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ராஜாவைப் பார்த்தார். சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் பிஷப்பைப் பார்த்தார். அவர் பக்கம் காய் எதுவும் குறையவில்லை. எதுவும் வெட்டுப்படவும் இல்லை. சும்மா இருக்க முடிந்தால் சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிற்கும்.

“நகராம இருக்க முடியாதில்ல?” என்றார், கேள்வியாகவும் இல்லாமல் பதிலாகவும் இல்லாமல்.

“முடியாது சார். நகர்ந்துதான் ஆகணும்.”

நெடு நேரம் ஆனது. வந்திருந்தவர்களில் செஸ் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் அவர் ராஜாவைப் பக்கவாட்டில் ஒரு கட்டம் வைத்தார். வைக்கும்போதே அவர் தோள் இறங்கியது. அவள் ராஜா திறந்த வாசல் வழியாக உள்ளே போனது. இன்னும் மூன்று நகர்வில் இடது ஓரத்துச் சிப்பாய் விழுந்தது. அதற்குமேல் அந்தப் பக்கம் காவலுக்கு ஆள் இல்லை.

அவர் தன் ராஜாவைப் படுக்க வைத்தார். எழுந்து, மேஜைக்கு மேலாக வலது கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நோட்டைத் திருப்பி, பேனாவை அந்தக் கையில் வைத்தாள்.

“எழுதுங்க சார்.”

அவர் நின்றபடியே குனிந்து, நிதானமாக எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் பார்க்கவில்லை. நோட்டை மூடி அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி அதைத் திறந்து படித்துவிட்டு, மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு அண்ணன் பெண் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் அப்பாவின் நெஞ்சில் விழுந்தாள். அப்போதுதான் அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாக அழுதார்கள். அவள் மட்டும் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வண்டி வந்தது. வண்டியோடு இரண்டே பேர்தான் வந்திருந்தார்கள்.

“லிஃப்ட் எங்க?” என்று கேட்டான் ஒருவன்.

“இல்ல,” என்றார் தையல்காரர். “இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூணு மாடியும் படிதான்.”

“நாலு பேர் வேணும். படி குறுகல்.”

அண்ணனை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும் தையல்காரர் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். நாலாவது ஆள் யார் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரிய இன்ஜினியர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். அவருடைய டிரைவர், “சார், நீங்க வேணாம், நான் பிடிக்கிறேன்,” என்று பதறினார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவருக்குக் கால்மாட்டுப் பக்கம் கிடைத்தது. இறங்கும்போது பாரம் முழுவதும் அந்தப் பக்கம்தான் வரும். அவர் பின்புறமாகப் படி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் காலால் துழாவினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். “ஒரு நிமிஷம்,” என்றார். இறக்கி வைத்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அவள் இரண்டு படி மேலே நின்று காத்திருந்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. அவரே குனிந்து மறுபடி கைப்பிடியைப் பிடித்தார்.

தெருவுக்கு வந்து வண்டியில் ஏற்றியதும் அண்ணியும் அண்ணன் பெண்ணும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அவள் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் கண் முதலில் பக்கவாட்டுக் கண்ணாடிக்குத்தான் போனது. அதில் பெரிய இன்ஜினியர் தெரிந்தார். நடைபாதை ஓரமாக நின்று, உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் கம்பி அழுத்திய கோடு சிவப்பாக இருந்தது. டிரைவர் எடுத்துவரப் போன அவருடைய கார் தெருமுனையில் எதன் பின்னாலோ மாட்டிக்கொண்டு வராமல் நின்றது. அவர் மெதுவாக நடந்து ஜன்னல் பக்கம் வந்தார்.

“நான் இதுல வரலாமா?” என்றார்.

வண்டி டிரைவர் அவளைப் பார்த்தான். அவள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கியர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க,” என்றாள். “இல்லன்னா வழியில திறந்துக்கும்.”